மலிவு லென்ஸ் புற ஊதாவை விடுமா? மொட்டை மாடியில் செய்து பார்க்கும் வழி

என் முதல் 'புற ஊதா' படத்தில் தென்னை ஓலை பால்போல வெள்ளையாக வந்தது. பெங்களூர் அல்சூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய லென்ஸ், ஆன்லைனில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி ஃபில்டர், பளிச்சென்று படம். இரண்டு வாரம் அந்த மிதப்பிலேயே திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது: புற ஊதாவில் இலை கறுத்துத் தெரிய வேண்டும். இலை வெளுத்தால் அது அகச்சிவப்பு. நான் எடுத்த படத்தில் புற ஊதா அநேகமாக இல்லவே இல்லை.

புற ஊதாப் படம் எடுப்பதில் ஏமாறுவது சுலபம். 'படம் விழுகிறது, அப்படியானால் லென்ஸ் புற ஊதாவை விடுகிறது' என்று நினைத்துவிடுவோம். படம் மூன்று காரணத்தால் விழலாம். அகச்சிவப்பு கசிந்திருக்கலாம். 390, 400 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே, கண்ணுக்குத் தெரியும் ஊதாவின் வாசற்படியில் இருக்கும் ஒளி மட்டும் வந்திருக்கலாம். அதை எந்த லென்ஸும் விடும். அல்லது உண்மையாகவே 350, 360 வரை இறங்கியிருக்கலாம்; எண் குறையக் குறைய புற ஊதா ஆழமாகும். மூன்றையும் பிரித்தறியத்தான் கீழே உள்ள சோதனைகள். இணையத்தில் கிடைக்கும் 'நல்ல லென்ஸ் பட்டியல்' எதையும் விட உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸை நீங்களே அளந்து பார்ப்பது மேல். ஒரே பெயரில் நாலு பதிப்பு வந்திருக்கும். பூச்சு மாறியிருக்கும், கண்ணாடி மாறியிருக்கும்.

லென்ஸ் ஏன் தடுக்கிறது

கண்ணாடியைப் பற்றி நாலு வரி தெரிந்தால் எதை வாங்கலாம் என்பது பாதி புரிந்துவிடும். நமக்கு வேண்டிய பகுதி 400இலிருந்து கீழே, சுமார் 340 வரை. அதற்கும் கீழே போக குவார்ட்ஸும் ஃபுளோரைட்டும் வேண்டும். நிக்கான் செய்த யூவி-நிக்கோர் 105 மி.மீ. எஃப்/4.5 அப்படிப்பட்ட லென்ஸ். அதன் விலையில் ஒரு பைக் வாங்கலாம். சாதாரணக் கண்ணாடியில் மூன்று விஷயம் புற ஊதாவைத் தின்னும்: ஒளியை அதிகம் வளைப்பதற்காகச் சேர்க்கும் கனமான ஃபிளின்ட் வகைக் கண்ணாடி, கண்ணாடிகளை ஒட்டும் பசை, பல அடுக்குப் பூச்சு. புதிய ஜூம் லென்ஸில் பதினைந்து கண்ணாடி இருக்கும், மூன்றும் ஏராளம். 1960களின் எளிய லென்ஸில் மூன்றோ நாலோ கண்ணாடி, ஒற்றைப் பூச்சு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மட்டமான லென்ஸ் உயர்ந்த லென்ஸை ஜெயிக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு உபகதை. 2015 செப்டம்பரில் விண்ணுக்குப் போன அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி உருவானது ஓசக்கோட்டையில், இந்திய வான் இயற்பியல் கழக வளாகத்தில். 130 முதல் 300 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவைப் பார்ப்பதற்காக அது வடிவமைக்கப்பட்டது. அதில் ஒளியைக் குவிப்பது லென்ஸ் இல்லை, ஆடி. அவ்வளவு கீழே இறங்கினால் சாதாரணக் கண்ணாடியை நம்ப முடியாது.

என்னென்ன வேண்டும்

கேமரா: சென்சாருக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' ஆக்கிய பழைய மிரர்லெஸ் ஒன்று போதும். இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். சென்சாரைக் கீறிவிட்டால் கதை முடிந்தது. மாற்ற மனமில்லாதவர்கள் 2004இல் வந்த நிக்கான் டி70 போன்ற பழைய உடலைத் தேடலாம். அதன் தடுப்புக் கண்ணாடி கொஞ்சம் தாராளம். மாற்றாமலே புற ஊதா எட்டிப்பார்க்கும். எக்ஸ்போஷர் மட்டும் நீளும்.

ஃபில்டர்: இங்கேதான் நான் சறுக்கினேன். கேமராக் கடையில் 'யூவி ஃபில்டர்' என்று கேட்டால் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டரைத் தருவார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிர்: புற ஊதாவை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது. பாடர் நிறுவனத்தின் யூ ஃபில்டர் அதைச் சுத்தமாகச் செய்யும், விலை கையைக் கடிக்கும். மலிவு வழி, சீனத்துக் கண்ணாடிகள் இரண்டை அடுக்குவது: புற ஊதாவை விடும் இசட்டபிள்யூபி1, அதன் மேல் அகச்சிவப்பைத் தடுக்கும் நீலப்பச்சைக் கண்ணாடியான க்யூபி39. இசட்டபிள்யூபி2 என்பதும் கிடைக்கும். அது 400 பக்கம் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கும். இவை இரண்டுமே 700க்கு அப்பால் அகச்சிவப்பைக் கசியவிடும். தனியாகப் போட்டால் என் தென்னை ஓலை கதிதான்.

மற்றவை: பழைய திருகு மரை லென்ஸ்களைக் கேமராவில் மாட்டும் எம்42 அடாப்டர், லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்ய ஒரு ஹெலிகாய்டு, ஃபில்டரை எல்லா லென்ஸிலும் மாட்ட 52 மி.மீ. மாற்று வளையங்கள். 365 நானோமீட்டர் டார்ச் ஒன்று. ஊதா வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும் மலிவு டார்ச் பெரும்பாலும் 395. அது நமக்கு உதவாது. நல்ல 365 டார்ச்சின் முகப்பில் கறுப்புக் கண்ணாடி இருக்கும், சுவரில் அடித்தால் மங்கலாகத்தான் தெரியும். மங்கலாக இருக்கிறதே என்று உற்றுப் பார்க்காதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைச் சுடும். பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், பின்னால் வேறொரு வேலைக்கும் பயன்படும். கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் டியூப் பக்கமே போக வேண்டாம். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, கேமராவுக்கும் பயனில்லை.

கடைசியாக, டெஃப்லான் டேப். குழாய் மரையில் சுற்றுவோமே, அதேதான். புற ஊதா, கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்பு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்பும் வெள்ளை அது. வெள்ளைத் தாளோ சுவரோ ஆகாது: தாளில் பளபளப்புக்குச் சேர்க்கும் ரசாயனமும் பெயின்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் புற ஊதாவை விழுங்கும். ஒரு அட்டையில் பத்துப் பதினைந்து சுற்று இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். நான் மூன்று ரோல் வாங்கி வந்ததைப் பார்த்து அம்மா கேட்டது: "எந்தக் குழாய்டா ஒழுகுது?"

முதல் படி: வாங்கும் இடத்திலேயே சல்லடை

சிக்பேட்டை பக்கம் ஞாயிறு காலையில் விரியும் கடைகளில் ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் அவ்வப்போது தலைகாட்டும். இருட்டறை வைத்திருந்த பழைய ஸ்டுடியோக்கள் மூடியபோது வெளியே வந்த, நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிட உதவிய என்லார்ஜர் லென்ஸ்கள் என் முதல் தேர்வு. எல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப்/5.6, அதிலும் பழைய உலோக உடல் கொண்டது, புற ஊதாக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. பெயர் தெரிந்துவிட்டதால் விலையும் ஏறிவிட்டது. நாலு கண்ணாடி கொண்ட ரஷ்ய இண்டஸ்டார்-50, மூன்று கண்ணாடி கொண்ட பழைய ஜெர்மன் டொமிப்ளான் மாதிரியானவை அடுத்து. தாத்தாவின் அக்பா கிளிக் 3 பெட்டி கேமரா வீட்டுப் பரணில் இருந்தால் அதன் லென்ஸையும் விடாதீர்கள். எஃப்/1.4, எஃப்/1.2 என்று பெருமையடிக்கும் லென்ஸ்களைத் தாண்டிப் போய்விடலாம்.

கையில் எடுத்ததும் வெள்ளைத் தாளின் மேல் பிடித்து அதன் வழியாகப் பாருங்கள். தாள் டீக்கறை போல மஞ்சளடித்தால் வைத்துவிடுங்கள். தோரியம் கலந்த பழைய கண்ணாடி இப்படிப் பழுக்கும். சிலந்திவலை போல பூஞ்சை ஓடியிருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் டார்ச். ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து, அதன் எண் இருக்கும் இடத்தில் 365 டார்ச்சை அடித்தால் எண் ஒளிரும். இப்போது லென்ஸை நோட்டை ஒட்டினாற்போல் பிடித்து, ஒளி லென்ஸ் வழியாகப் போய் எண்ணில் விழும்படி செய்யுங்கள். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் உள்ளே ஒளி புகும் துளை, முழுக்கத் திறந்திருக்கட்டும். எண் அப்போதும் ஒளிர்கிறதா? நேராக அடித்ததற்கும் லென்ஸ் வழியாக அடித்ததற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் பையில் போடலாம். சட்டென்று அணைந்துபோனால் அந்த லென்ஸ் 365ஐ விடவில்லை. லென்ஸைத் தூக்கிப் பிடித்தால் ஒளி குவிந்தும் விரிந்தும் ஏமாற்றும். அதனால்தான் ஒட்டிப் பிடிக்கச் சொல்கிறேன். வெயிலில் இது தெரியாது, கடைத் தார்பாயின் நிழலில் உட்கார வேண்டும். நான் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தபோது கடைக்காரர் கொஞ்சம் அடிபட்ட குரலில் சொன்னார்: "நல்ல நோட்டுதான் சார், நான் குடுத்ததுதானே!" அவர் நீட்டிய மீதிப் பணத்தைத்தான் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

இது சல்லடை மட்டும். நிச்சயமாகத் தேறாததைக் கழிக்கும். தேறியதற்கு மார்க் போடாது.

இரண்டாம் படி: கசிவு இல்லை என்று உறுதி செய்வது

லென்ஸைச் சோதிக்கும் முன் ஃபில்டரைச் சோதிக்க வேண்டும். இதைத் தாண்டிவிட்டு மற்றதைச் செய்தால் எல்லா எண்ணும் குப்பை.

உச்சி வெயிலில் ஒரு செடியையும் டெஃப்லான் அட்டையையும் சேர்த்து, ஃபில்டர் அடுக்குடன் ஒரு படம் எடுங்கள். எக்ஸ்போஷரை மாற்றாமல், லென்ஸுக்கு முன்னால் அந்தப் பாலிகார்பனேட் கண்ணாடியைப் பிடித்து இன்னொரு படம். பாலிகார்பனேட் புற ஊதாவைத் தடுக்கும், மற்ற ஒளியை அப்படியே விடும். ஆகவே இரண்டாவது படம் ஏறக்குறைய முழு இருட்டாக வர வேண்டும். ஏதாவது உருவம் தெரிகிறது என்றால் அது கசிவு. க்யூபி39ஐ இன்னும் ஒன்று சேர்த்துப் பாருங்கள்.

அதே படத்தில் வேறு சாட்சிகளும் கிடைக்கும். இலைகள் கறுத்திருக்க வேண்டும். கையில் சன்ஸ்கிரீன் ஒரு கோடு இழுத்தால் அது தார் பூசியது போலத் தெரிய வேண்டும். தெருவில் நிற்கும் காரின் முன் கண்ணாடி இருண்டிருக்க வேண்டும். என் பழைய ஃபில்டரில் சன்ஸ்கிரீன் தெரியவே இல்லை.

மூன்றாம் படி: ஸ்டாப் கணக்கு

இதுதான் மார்க் போடும் சோதனை. யோசனை எளிது: ஒரே லென்ஸில், ஒரே அபெர்ச்சரில், சாதாரண ஒளிக்கு எவ்வளவு எக்ஸ்போஷர், புற ஊதாவுக்கு எவ்வளவு? இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஸ்டாப் இடைவெளி? (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி.) இடைவெளி குறைந்தால் லென்ஸ் நல்லது.

புற ஊதா எக்ஸ்போஷரை மட்டும் நேராக ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பழைய லென்ஸின் வளையத்தில் எஃப்/8 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இதழ்கள் எங்கே நிற்கின்றன என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஒவ்வொரு லென்ஸையும் அதன் சாதாரண ஒளியோடேயே ஒப்பிட்டால் அந்தப் பிழை தானாகக் கழிந்துவிடும்.

செய்முறை: காலை பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில், மேகம் இல்லாத நாள். டெஃப்லான் அட்டையை வெயிலில் சாய்த்து வைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 400, எஃப்/8, ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு). முதலில் க்யூபி39 மட்டும் போட்டு சாதாரண ஒளியில் ஒரு படம். பிறகு முழு அடுக்கோடு புற ஊதாப் படம். அட்டை இரண்டிலும் ஒரே அளவு வெளிச்சமாக வரும்வரை ஷட்டரை மாற்றுங்கள். கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராமை நம்பாதீர்கள். புற ஊதாவில் சிவப்புச் சேனல்தான் முதலில் நிரம்பும், திரை அதை நேர்மையாகக் காட்டாது. கணினியில் டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருளில் ரா மதிப்பைப் பாருங்கள். சாதாரணப் படத்துக்குப் பச்சை, புற ஊதாவுக்குச் சிவப்பு என்று வைத்துக்கொண்டு எல்லா லென்ஸுக்கும் அதையே பின்பற்றினால் போதும்.

உதாரணத்துக்கு, சாதாரண ஒளியில் 4000இல் ஒரு நொடி, புற ஊதாவில் கால் நொடி என்று வந்தால் ஆயிரம் மடங்கு. அதாவது பத்து ஸ்டாப் இடைவெளி. அடுத்த லென்ஸில் இடைவெளி பதின்மூன்று என்றால் அது மூன்று ஸ்டாப், எட்டு மடங்கு, அதிகம் தின்கிறது.

ஆனால் பத்து என்பது நல்லதா கெட்டதா? அந்தப் பத்தில் ஃபில்டரும் சென்சாரும் தின்றது எவ்வளவு, லென்ஸ் தின்றது எவ்வளவு? இதற்குக் கண்ணாடியே இல்லாத ஒரு லென்ஸ் வேண்டும். அது ஊசித்துளை. கூல் டிரிங்க் கேனிலிருந்து ஒரு தகடு வெட்டி, மெல்லிய தையல் ஊசியின் நுனியை லேசாக அழுத்தி 0.3 மி.மீ. அளவில் துளை போட்டு, பிசிரை உப்புத்தாளில் தேய்த்து, ஓட்டை போட்ட பாடி கேப்பின் நடுவில் ஒட்டுங்கள். எம்42 அடாப்டரின் முன் பொருத்தினால் சென்சாரிலிருந்து துளை ஏறக்குறைய 45.5 மி.மீ. தூரத்தில் இருக்கும்; கணக்குப்படி எஃப்/152. எஃப்/8ஐ விட 360 மடங்கு இருட்டு. கால் நொடி எடுத்த புற ஊதாப் படம் இதில் ஒன்றரை நிமிடம் கேட்கும். பொறுமையாக எடுங்கள். படம் மசமசவென்று இருக்கும், கவலையில்லை, நமக்கு அட்டையின் வெளிச்சம் மட்டும் போதும். இந்தத் துளைக்கு வரும் இடைவெளிதான் உங்கள் கேமராவின் அடித்தளம். லென்ஸின் இடைவெளியிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது லென்ஸ் தின்றது. அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் என்றால் கொண்டாடுங்கள். இரண்டு வரை வேலைக்கு ஆகும். நாலு என்றால் அது கல்யாணப் படம் எடுக்கட்டும்.

ஒரு கட்டாய ஒழுக்கம்: எந்த லென்ஸில் தொடங்கினீர்களோ அதையே கடைசியிலும் ஒருமுறை எடுங்கள். சூரியன் சரியும்போது சாதாரண ஒளியை விடப் புற ஊதா வேகமாகக் குறையும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகமும் விளையாடும். முதலும் கடைசியும் மூன்றில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசப்பட்டால் அன்றைய கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் செய்யுங்கள். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை நான் இதை முயல்வதே இல்லை.

நான்காம் படி: சூரியனே அளவுகோல்

ஸ்டாப் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. ஃபில்டர் 390 அருகிலும் கொஞ்சம் விடுகிறது என்றால், அங்கே மட்டும் ஒளியை விடும் லென்ஸும் சுமாரான மார்க் வாங்கிவிடும். எவ்வளவு ஒளி வந்தது என்பது தெரிகிறது, எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்பது தெரியவில்லை. அதற்கு நிறமாலையைப் பார்க்க வேண்டும். கேட்கப் பெரிதாக இருக்கும். செலவு சில நூறு ரூபாய்.

மூன்று அங்குல பிவிசி பைப் ஒரு மீட்டர். உள்ளே கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி விடுங்கள். ஒரு முனையின் மூடியில் ஜன்னல் வெட்டி, ஷேவிங் பிளேடு ஒன்றை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, கூரான விளிம்புகள் எதிரெதிராக நிற்கும்படி ஒட்டுங்கள். ஒட்டும்போது நடுவில் ஒரு ஜெராக்ஸ் தாளைச் செருகி, ஒட்டியபின் உருவிவிட்டால் 0.1 மி.மீ. பிளவு அமையும். மறுமுனையில் லென்ஸ், லென்ஸின் முகத்தில் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 500 கோடு கொண்ட கிரேட்டிங் ஷீட், கோடுகள் பிளவுக்கு இணையாக. பிளவுக்கு முன்னால் வெயிலில் டெஃப்லான் அட்டை. பைப்பைச் சூரியனுக்கு நேராகக் காட்டக் கூடாது. கறுப்பு ஃபில்டர் வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்ப்பது அதைவிட மோசம்: இருட்டாகத் தெரியும், ஆனால் அகச்சிவப்பும் புற ஊதாவும் தாராளமாக உள்ளே போகும்.

கேமராவைப் பைப்பின் நேர்க்கோட்டிலிருந்து சுமார் 11 பாகை திருப்பினால் ஊதாப் பகுதி சட்டத்தின் நடுவில் வரும். லென்ஸையும் பைப் வாயையும் கறுப்புத் துணியால் மூடி, பிளவு கூர்மையாகத் தெரியும்வரை ஃபோகஸ் செய்து, ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுங்கள்.

வானவில் பட்டையின் ஊதா முனையில் இரண்டு தடித்த கறுப்புக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சூரியனின் வளிமண்டலத்தில் இருக்கும் கால்சியம் ஒளியை விழுங்கியதால் விழுந்த கோடுகள் அவை: 396.8இல் எச், 393.4இல் கே. முதல் முறை அவை என் திரையில் தெரிந்தபோது வெயிலை மறந்து நின்றேன். கொடைக்கானல் வான் ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வந்தது இதே கே கோட்டின் ஒளியில்தான். அதே கோடு இங்கே பிவிசி பைப்பில்.

நீலத்தில், 486.1இல், ஹைட்ரஜனின் எஃப் கோடு இருக்கிறது. எஃப் முதல் கே வரை 92.7 நானோமீட்டர். படத்தில் அந்தத் தூரம் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். 50 மி.மீ. லென்ஸும் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவும் என்றால் 600 பிக்சல் சுமார் வரும், நானோமீட்டருக்கு ஆறரை. அளவுகோல் தயார். லென்ஸ் மாறினால் குவியத்தூரம் மாறும், அப்போது மறுபடி எண்ண வேண்டும்.

இப்போது எதையும் அசைக்காமல் இசட்டபிள்யூபி2ஐ மட்டும் மாட்டி நீண்ட எக்ஸ்போஷர் கொடுங்கள், சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை. இங்கே ஒற்றை ஃபில்டர் போதும். கசியும் அகச்சிவப்பு பட்டையின் மறுகோடியில் போய் விழும், நம் பகுதிக்கு வராது. கே கோட்டைத் தாண்டி ஒளி எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பாருங்கள். 140 பிக்சலில் மறைந்தால் லென்ஸ் 372 அருகே கதவடைக்கிறது. 370 பிக்சல் வரை போனால் 336. அது தங்கமான லென்ஸ். ஒப்பிடும்போது ஒரு நிபந்தனை: எல்லா லென்ஸிலும் 385 அருகே ஒரே வெளிச்சம் வரும்படி எக்ஸ்போஷரைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்த லென்ஸ் அதிகம் விடுவதுபோலத் தோன்றும். கிரேட்டிங்கின் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் தின்னும், ஆனால் எல்லா லென்ஸுக்கும் ஒரே மாதிரி.

இதே படத்தில் இன்னொரு செய்தியும் இலவசம். பட்டையின் மேல், கீழ் விளிம்புகளைப் பாருங்கள். ஊதாவில் கூர்மையாக இருந்து, போகப் போக மீன்வால் போல விரிந்தால், புற ஊதாவுக்கு லென்ஸின் ஃபோகஸ் இடம் மாறுகிறது என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: ஃபோகஸும் நடுப் புள்ளியும்

ஃபோகஸ் மாற்றத்தை எண்ணில் வேண்டுமென்றால் ஸ்கேலை 45 பாகையில் சாய்த்து, சாதாரண ஒளியில் பத்தாவது கோட்டில் ஃபோகஸ் செய்து, லென்ஸைத் தொடாமல் ஃபில்டரை மாட்டி எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் சிலது முழுக்கக் கறுத்துவிடும். எஃகு ஸ்கேல் நல்லது. கூர்மை எத்தனை கோடு தள்ளிப் போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் இருந்தால் லென்ஸ் வீண் என்றில்லை. மிரர்லெஸில் ஃபில்டரை மாட்டியபடியே, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, வெயிலில் லைவ் வியூ பார்த்து ஃபோகஸ் செய்யலாம். டார்ச்சைப் பொருளின் மேல் அடித்தால் இன்னும் சுலபம்.

டெஃப்லான் அட்டையைச் சட்டம் நிறைய வைத்து எஃப்/5.6, 8, 11, 16இல் ஒவ்வொரு படம். சில லென்ஸில் அபெர்ச்சரை மூட மூட நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று கிளம்பும். எந்த எண்ணில் கிளம்புகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்னால் நின்றுவிடலாம். எஃப்/8ஐத் தாண்ட எனக்கு அவசியம் வந்ததில்லை.

பூவுக்கு முன்னால்

கடைசித் தேர்வு சூரியகாந்தி. கண்ணுக்கு முழு மஞ்சளாகத் தெரியும் இதழ், புற ஊதாவில் அடிப்பகுதி இருண்டு நுனி மட்டும் வெளுத்து, நடுவில் கறுப்பு வளையம் வைத்த இலக்குப் பலகை போல ஆகும். தேனீக்கு அது தெரியும். டெஃப்லான் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸ் செய்தால் போலி நிறங்களும் கிடைக்கும்: 365 அருகில் விடும் லென்ஸில் மஞ்சள் தலைதூக்கும், 385க்கு மேலேயே நின்றுவிடும் லென்ஸில் எல்லாம் நீலமும் ஊதாவுமாக ஒரே சாயலில் வரும். நிறமாலைப் படத்தில் பார்த்ததைப் பூ உறுதி செய்யும்.

இங்கே ஸ்டாப் கணக்கின் அருமை தெரியும். மூன்று ஸ்டாப் அதிகம் தின்னும் லென்ஸிலும் வளையம் வரத்தான் செய்யும், ஆனால் கால் நொடி இரண்டு நொடி ஆகிவிடும். உச்சி வெயிலில் மாடியில் காற்று இரண்டு நொடி சும்மா இருக்காது. நான் துடைப்பக் குச்சி இரண்டை மண்ணில் ஊன்றி, காம்பை மீதமிருந்த டெஃப்லான் டேப்பால் அதில் சுற்றிக் கட்டுகிறேன். ஒவ்வொரு லென்ஸின் மூடியிலும் மார்க்கரில் மூன்று எண் எழுதி வைத்திருக்கிறேன்: தின்ற ஸ்டாப், கதவடைக்கும் நானோமீட்டர், புள்ளி கிளம்பும் அபெர்ச்சர். முதல் ஓலைப் படம் எடுத்த அந்தச் சந்தை லென்ஸின் மூடியில் 3, 374, 11 என்று இருக்கிறது.